ரத்னமாலாவின் எட்டுப் புடவைகள்

பிள்ளையார்பாளையத்தில் ரத்னமாலாவின் பீரோவைப் பற்றித் தெரியாதவர் யாராவது இருந்தால், அவர் அந்தத் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவராகத்தான் இருக்க வேண்டும். ஆளுயரக் கண்ணாடி பதித்த இரும்பு பீரோ. அதன் கதவு சாத்தாது. பூட்டு கெட்டுப்போகவில்லை, கீலும் கழலவில்லை. உள்ளே இருக்கிற புடவைகள் சாத்த விடுவதில்லை, அவ்வளவுதான். முழங்காலால் அழுத்திக் கைப்பிடியைத் திருகிவிட்டு அந்தப் பக்கம் நகர்ந்தால், கொஞ்ச நேரத்தில் படாரென்று திறந்துகொண்டு நாலைந்து புடவை தரையில் வந்து விழும். அவள் கணவர் குந்துநாதன் கதவுக்கு முட்டுக்கொடுப்பதற்கென்றே தன் அரிசிக் கடையிலிருந்து ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டிருந்தார். எப்பேர்ப்பட்ட விருந்தாளி வந்தாலும் அந்த முக்காலியை எடுத்துப் போடக் கூடாது என்பது வீட்டில் சட்டம்.

புடவைப் பைத்தியம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். தெருவில் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் அது பாதிதான் உண்மை. ரத்னமாலா தென்னேரிக்காரி. ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம் வைத்துப் பிழைத்த தமிழ் ஜைன நயினார் வீட்டில் நாலு பெண்களில் மூன்றாவதாகப் பிறந்தவள். நாலு பேர் துணியும் ஒரே கொடியில் தொங்கும். காலையில் யார் முதலில் எழுந்திருக்கிறாளோ அவளுக்கு நல்ல தாவணி. ரத்னமாலாவுக்குச் சின்ன வயசிலிருந்தே காலைத் தூக்கம் ஜாஸ்தி. கல்யாணம் ஆகும்வரை அவளுக்கென்று இருந்தது கடைசியாக மிஞ்சின தாவணிதான். இது என்னுடையது, இதை இன்னொருத்தி தொட முடியாது என்று சொல்லிக்கொள்ளும்படி முதன்முதலில் அவளுக்கு வாய்த்தது அந்த பீரோ. அதிலிருந்து ஒன்றை எடுத்து வெளியே கொடு என்றால் எப்படிக் கை வரும்?

கிழிந்தது, சாயம் போனது, கட்டவே முடியாதது எல்லாம் உள்ளே இருந்தன. பூச்சி அரிக்காமல் இருக்க மற்ற வீடுகளில் பாச்சா உருண்டை போடுவார்கள். ரத்னமாலா ஜைன வீட்டுப் பெண், உயிர்க்கொலை ஆகாது. வசம்பைத் துணியில் முடிந்து மடிப்புக்கு மடிப்பு வைப்பாள். வராதே என்று பூச்சியிடம் சொல்வது வேறு, வந்ததைக் கொல்வது வேறு என்பது அவள் கட்சி. ஆகவே அவள் எந்தப் புடவை கட்டிக்கொண்டு வெளியே போனாலும் வசம்பு வாசனை இரண்டடி முன்னால் போகும்.

பக்கத்து வீடு பரமசிவத்துடையது. அவர் நெசவுக்காரர். அவர் மனைவி தில்லையம்மாள். இரண்டு வீட்டுக்கும் பின்கட்டில் ஒரே மதில், இடுப்புக்கு மேலே கொஞ்சம். அந்த மதிலின் மேல் கறிவேப்பிலை போகும், மோர் வரும், ஊர்க்கதை போய்வரும். ரத்னமாலா வீட்டில் பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடுவதில்லை. விளக்கு வைத்த பிறகு பச்சைத் தண்ணீர்கூட யோசித்துத்தான். வெயில் காலத்தில் இதில் ஒரு சிக்கலும் இல்லை. மழைக்காலத்தில்தான் வம்பு. வானம் மூடிக்கொண்டால் சூரியன் இருக்கிறதா போய்விட்டதா என்று யார் சொல்வது? வீட்டில் சுவர்க்கடிகாரம் ஒன்று இருந்தது. அது தன் இஷ்டத்துக்கு ஓடி, தன் இஷ்டத்துக்கு நிற்கும்.

அவளுக்கு நம்பகமான கடிகாரம் பக்கத்து வீட்டுத் தறி. குழித்தறியில் உட்கார்ந்திருக்கும் பரமசிவத்துக்கு இழையின் நிறம் தெரியாமல் போக ஆரம்பிக்கும்போது, பொழுது போகப்போகிறது என்று அர்த்தம். ஆனால் தறிச் சத்தம் நின்றதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இழை அறுந்தாலும் தறி நிற்கும். பரமசிவம் பீடி பிடிக்க எழுந்தாலும் நிற்கும். எதற்காக நின்றது என்பது தில்லையம்மாளுக்குத்தான் தெரியும். அவள் மதிலுக்கு வந்து குரல் கொடுப்பாள்.

"யக்கா, கண்ணு தெரியலன்றாரு. சாப்ட்டியா?"

ரத்னமாலா செய்துகொண்டிருக்கிற வேலையைப் போட்டுவிட்டுத் தட்டின் முன் உட்காருவாள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளிலேயே ஆரம்பித்த வழக்கம் இது. சைவ வீட்டுப் பெண் ஜைன வீட்டு விரதத்துக்குக் காவல் இருந்தாள். இரண்டு பேருமே இதை ஒரு பெரிய விஷயமாக நினைத்ததில்லை.

எழுபதாம் வருஷம் ஆவணியில், திருப்பருத்திக்குன்றத்து ஜைனக் கோயிலில் தசலட்சணப் பூஜை நடந்தது. பத்து நாள், நாளுக்கு ஒரு தருமம். அந்த வருஷம் வடக்கேயிருந்து நடந்தே வந்த பெண் துறவி ஒருவர் அங்கே தங்கியிருந்தார். எல்லோரும் மாதாஜி என்று கூப்பிட்டார்கள். அவருக்கு உடைமை என்று இருந்தது வெள்ளைச் சேலை, மயிற்பீலிக் கற்றை, ஒரு கமண்டலம். ஒன்பதாவது நாள் பற்றில்லாமையின் நாள். அன்று வந்திருக்கிறவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, இதற்கு மேல் வைத்துக்கொள்ள மாட்டேன் என்று ஏதாவது ஒன்றுக்கு அளவு வைத்து விரதம் எடுத்துக்கொண்டார்கள்.

குந்துநாதனின் அக்கா சாந்திமதி எழுந்தாள். ரத்னமாலாவுக்கு நாத்தனார். நல்லவள்தான், தன் நல்லதனம் நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்பதிலும் அக்கறை உள்ளவள். "பன்னெண்டு புடவைக்கு மேல வெச்சுக்க மாட்டேன்" என்றாள். சொல்லிவிட்டுத் தம்பி மனைவியை ஒரு பார்வை பார்த்தாள். கூட்டத்தில் பீரோவைப் பற்றித் தெரிந்தவர்கள் நிறைய பேர் இருந்தார்கள். இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டதை ரத்னமாலா பார்த்துவிட்டாள்.

அவள் எழுந்து கைகூப்பினாள். "எனக்கு எட்டு" என்று சொல்லிவிட்டாள்.

மாதாஜி ஒரு நிமிஷம் அவளையே பார்த்தார். "யோசிச்சு சொல்லும்மா" என்றார். யோசித்துச் சொல்கிற நிலைமையில் ரத்னமாலா இல்லை. "எட்டுதாங்க" என்றாள். மயிற்பீலி தலையில் பட்டது, முடிந்தது. பற்றில்லாமைக்கான விரதத்தை அவள் எடுத்தது முழுக்க முழுக்க ஆத்திரத்தில் என்பது மாதாஜிக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ, குந்துநாதனுக்குத் தெரிந்தது. அவர் தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

திரும்பி வரும்போது வேகவதி ஆற்று மணலில் நடந்துகொண்டே சாந்திமதி இன்னொன்றும் சொன்னாள். "எட்டுல பட்டு இருக்கக் கூடாது ரத்னா, தெரியுமில்ல? எத்தினி புழுவ உசுரோட வேகவெச்சு அந்த நூல எடுக்கறான். பாவம் அது." மாதாஜி பட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் ஏற்கெனவே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவளுக்கு, எது விரதம் எது நாத்தனார் வார்த்தை என்று பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

மறுநாள் காலை முக்காலியை இழுத்துவிட்டு பீரோவைத் திறந்தாள். கட்டில் நிறைந்தது, பாய் நிறைந்தது, பி.யூ.சி. படிக்கும் மகள் திரிசலாவின் மேஜையும் நிறைந்தது. கடைக்குப் புறப்பட்ட குந்துநாதன் காலி பீரோவுக்குள் எட்டிப் பார்த்தார். "இதுக்கு உள்ள பின்பக்கம் தகடு இருக்குதுன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒழிப்பது என்று உட்கார்ந்தால் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. சாயம் போன சுங்குடியா, அதைக் கட்டிக்கொண்டிருந்தபோதுதான் திரிசலா பிறக்கும் வலி எடுத்தது. ஓரம் நைந்த வாயில் புடவையா, அது எவ்வளவு குளிர்ச்சி என்று கட்டினவளுக்குத்தான் தெரியும். நைலக்ஸ் புடவை வழுக்கும், வியர்க்கும், கட்டினால் குந்துநாதன் சிரிப்பார். ஆனால் பெரிய பெரிய பூ. ஒரு புடவையை எடுப்பாள், கொடுக்கிற குவியலில் போடுவாள், அடுத்ததை மடிக்கிற சாக்கில் முன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்வாள். மத்தியானம் ஆனபோது வைத்துக்கொள்கிற குவியல் காலையில் இருந்ததைவிடப் பெரிதாக இருந்தது.

அப்புறம் ஒரு யோசனை வந்தது. பதினைந்து இருபது புடவைகளைத் திரிசலா பெயரில் கீழ்த்தட்டில் அடுக்கினாள். ராத்திரி குந்துநாதன் பார்த்தார். "கடையில இருக்கற மூட்டைய கிடங்குக்கு மாத்தினா சரக்கு கொறஞ்சிடுமா ரத்னா?" என்று கேட்டார். திரிசலாவும், "எனக்கு வேணாம்மா, ப்ளீஸ். எல்லாம் வசம்பு நாத்தம்" என்றாள்.

இருந்த ஒரே வழியும் அடைபட்டது. ஆத்திரத்தில் எடுத்த விரதம் என்றாலும் எடுத்தது எடுத்ததுதான். அதில் ரத்னமாலா கெட்டி. நல்ல புடவைகளை மூன்றாகப் பிரித்து மூட்டை கட்டித் தென்னேரிக்கு அனுப்பினாள், அக்காக்கள் இரண்டு பேருக்கும் தங்கைக்கும். அனுப்பும்போது அழுகை வந்தது. ஆனால் கொடியில் தனக்கு என்றும் கிடைக்காத நல்ல தாவணிகள் ஞாபகம் வந்து, அக்காக்களுக்குக் கொடுக்கிற இடத்தில் தான் இருக்கிறோம் என்று கொஞ்சம் கர்வமாகவும் இருந்தது. நைந்ததையெல்லாம் தெருவில் வந்த பாத்திரக்காரியிடம் போட்டு ஒரு எவர்சில்வர் தூக்கு வாங்கினாள். பாத்திரத்துக்கு அளவு வைத்து யாரும் விரதம் எடுக்கவில்லை.

கடைசியில் நின்றது பட்டு. அவளிடம் இரண்டே பட்டுத்தான். ஒன்று கூறைப்புடவை. கல்யாணப் புடவைக்குப் பாவம் கிடையாது என்று அவளாகவே ஒரு தீர்ப்பு சொல்லி அதை எட்டில் சேர்த்துக்கொண்டாள். இன்னொன்று அரக்கு நிறப் பட்டு, பச்சைக் கரை.

அந்த அரக்குப் பட்டு பக்கத்து வீட்டுத் தறியில் இறங்கியது. உடல் ஒரு நிறமும் கரை ஒரு நிறமுமாக இருந்தால் இரண்டையும் தறியிலேயே கோத்துக் கோத்துப் பிணைக்க வேண்டும். கோர்வை என்பார்கள். அதற்கு நெய்கிறவர் ஒருத்தர் போதாது, பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கான நூல் ஓடும் நாடாவை வீச இன்னொரு ஆள் வேண்டும். அந்தப் புடவைக்குத் தில்லையம்மாள்தான் உட்கார்ந்தாள், வயிற்றில் தலைச்சன் பிள்ளையோடு. நெய்துகொண்டிருக்கும்போது பிள்ளை ஓங்கி ஓர் உதை உதைத்தது, அவள் கை தப்பியது, ஒரு சாண் நீளத்துக்குக் கோர்வை நெகிழ்ந்துவிட்டது. நூல் கொடுத்து நெய்யச் சொன்ன முதலாளி புடவையை ஒதுக்கிவிட்டார். தில்லையம்மாள் மதிலில் நின்று அழுதாள். மறுநாள் ரத்னமாலா கணவரை அனுப்பி முதலாளியிடமிருந்து அந்தப் புடவையையே வாங்கி வரச் சொன்னாள். நெகிழ்ந்த இடம் வெளியே தெரியாமல் இடுப்பில் உள்ளே போகும்படி கட்டிக்கொண்டு, நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அதிலேயே போய்வந்தாள். இரண்டு பெண்களும் உண்மையில் சிநேகிதமானது அந்தப் புடவைக்குப் பிறகுதான்.

பழைய பட்டு வாங்குகிறவன் தெருவில் கூவிக்கொண்டு போனான். அவன் வாங்கிக்கொண்டுபோய்ச் சரிகைக்காகப் புடவையைக் கொளுத்திவிடுவான். அதற்கு ரத்னமாலாவின் மனசு ஒப்பவில்லை. பட்டு பாவம் என்றால் தங்கள் ஜனத்தில் யாருக்கும் கொடுக்கவும் முடியாது. யோசித்து யோசித்து, நெய்த கைக்கே போகட்டும் என்று முடிவு செய்தாள். தனக்குத் தோன்றினதிலேயே இதுதான் நல்ல யோசனை என்று நினைத்தாள். தட்டில் வெற்றிலை பாக்கு மஞ்சள் வைத்து, மேலே புடவையை வைத்து எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

தறி ஓடிக்கொண்டிருந்தது. தில்லையம்மாள் கூடத்தில் உட்கார்ந்து நூல் இழைத்துக்கொண்டிருந்தாள். தட்டைப் பார்த்ததும் எழுந்தாள். "என்னாக்கா இது, நம்ம பொடவ?"

தானமாகக் கொடுப்பதுபோல் ஆகிவிடக் கூடாது, காரணத்தைச் சொல்லிவிடலாம் என்று ரத்னமாலா வாயைத் திறந்தாள். "எங்களுக்குப் பட்டு ஆகாது தில்லை. புழுவக் கொல்ற பாவம். விரதம் எடுத்துக்கினேன். அதான், நீ கட்டிக்கோ."

தறிச் சத்தம் நின்றது. இழை அறுந்திருக்கும் என்று ரத்னமாலா நினைத்தாள். மஞ்சள் வைத்த தட்டை வேண்டாம் என்று சொல்ல முடியாது. தில்லையம்மாள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "சரிக்கா" என்றாள்.

ரத்னமாலா திருப்தியாக வீட்டுக்கு வந்து எட்டுப் புடவைகளையும் தட்டுக்கு இரண்டாக அடுக்கினாள். பீரோ கதவைச் சாத்தினாள். சாத்திக்கொண்டது. திறந்து, மறுபடி சாத்திப் பார்த்தாள். முக்காலி சும்மா நின்றது. அதில் ஏறி உட்கார்ந்துகொண்டு கண்ணாடியில் தன்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் மதிலில் குரல் வரவில்லை. அவளும் வேலை மும்முரத்தில் சாப்பிட மறந்து பட்டினி கிடந்தாள். தில்லைக்கு என்ன வேலையோ என்று நினைத்தாள். மறுநாளும் வரவில்லை. புரட்டாசி பிறந்து சாயங்கால மழை பிடித்துக்கொண்டது. தினமும் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, பொழுது இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வந்து, சந்தேகத்தோடு சாப்பிட மனசில்லாமல் எடுத்து மூடுவாள். கறிவேப்பிலை கேட்டு மதிலில் கூப்பிட்டபோது தில்லையம்மாள் கொண்டுவந்து கொடுத்தாள். "இந்தாங்க" என்று கொடுத்தாள். ரத்னமாலாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தில்லையம்மாள் வாயிலிருந்து ஒரு 'ங்க' வந்து அவள் கேட்டதே இல்லை.

வீட்டில் சொல்லிப் புலம்பினாள். என்ன சொல்லிக் கொடுத்தாய் என்று திரிசலா கேட்டாள். சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னபோது மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அவங்க வீட்ல சோறே அந்தப் புழுவுலதாம்மா வருது. அங்க போயா பாவம்னே?"

குந்துநாதன் சட்டையைக் கொடியில் மாட்டிக்கொண்டே சொன்னார்: "நான் அரிசி விக்கறேன். மூட்டைல எத்தினி வண்டு சாவுதுன்னு ஒருத்தரும் வந்து எனக்குத் தட்டு வைக்கல."

ரத்னமாலாவுக்கு அப்போதுதான் உறைத்தது. தறி ஏன் நின்றது என்பதும் அப்போதுதான் புரிந்தது. அவளுக்கு ரொம்ப வெட்கமாக இருந்தது. இரண்டு நாள் மதில் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள், இப்படியே விட்டால் இந்த மௌனம் பழகிப்போய்விடும் என்று பயம் வந்துவிட்டது. பரமசிவம் பாவு நூல் வாங்க முதலாளி வீட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்துப் போனாள்.

"வாங்க, உக்காருங்க" என்றாள் தில்லையம்மாள்.

"என்னா தில்லை, எனக்குப் போயி வாங்க போங்கன்றே."

"சொல்லுங்க."

"நான் பேசினது தப்பு. புரியாம பேசிட்டேன்."

தில்லையம்மாள் இழைத்துக்கொண்டிருந்த நூலிலிருந்து கையை எடுத்தாள். "நீ சொன்னப்ப அவரு குழியில உக்காந்துக்கினு கேட்டுக்கினு இருந்தாருக்கா. அன்னிக்குச் சோறு வாணாம்னுட்டாரு. எங்கப்பன், எங்க தாத்தன் எல்லாம் இந்தக் குழியிலதான் உக்காந்தாங்க, அத்தினி பேரும் பாவியாடின்னு என்னக் கேக்கறாரு. நான் என்னா பதில் சொல்றது? இத்தினி வருசம் கட்டிக்கினியே, அப்ப தெரியாத பாவம் இப்ப எங்கேர்ந்து வந்திச்சு? எட்டுல கூறப்பொடவ இருக்குதாமே. அது என்னா வாழநாருல நெய்ஞ்சதா? உங்களுக்கு ஆகாத பாவத்த மஞ்ச வெச்சு எங்களுக்குக் குடுக்கறியா?"

கோபத்தில் 'நீங்க' போய் 'நீ' வந்திருந்தது. அவ்வளவு திட்டுக்கு நடுவிலும் ரத்னமாலாவுக்கு அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

புழு சாகவில்லை என்று அவளால் சொல்ல முடியாது. சாகத்தான் சாகிறது. பட்டில் பாவமே இல்லை என்று சொல்லிச் சமாதானம் செய்தால் அது பொய். ஆனால் நெய்தவர்கள் மட்டுமா? கேட்டு வாங்கி, கட்டி, நாலு பேர் பார்க்க நடந்தவள் யார்? ரத்னமாலா சொன்னாள்: "பாவம்னு இருந்தா என் பங்கு என் பீரோவுலதான் இருக்கணும் தில்லை. உன் வீட்ல கொண்டாந்து போட்டது தப்பு. அத எனக்கே குடுத்துடு."

தில்லையம்மாள் எழுந்து மூலையிலிருந்த தகரப் பெட்டியை இழுத்துத் திறந்தாள். அந்த வீட்டில் இருந்த ஒரே பெட்டி. மேலே பரமசிவத்தின் வேட்டி இரண்டு, அதன் கீழே பிள்ளைகளின் துணி, ஓரமாகத் தில்லையம்மாளின் புடவைகள், அடியில் பழைய துணி சுற்றின அரக்குப் பட்டு. அடியிலிருந்து எடுக்க வேண்டியிருந்ததால் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள்.

விரதம் எடுத்த நாளிலிருந்து புடவை என்று கண்ணில் பட்டால் எண்ணுகிற வழக்கம் ரத்னமாலாவுக்கு வந்துவிட்டிருந்தது. எண்ண வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. பெட்டியில் நாலு, அதில் ஒன்று கூறை. கொடியில் ஒன்று. உடம்பில் ஒன்று. எட்டு வரவில்லை. மறுபடி எண்ணினாள். அப்படியும் வரவில்லை. அவளுக்குத் தூக்கிவாரிப்போடும்படி யாரும் எதுவும் சொல்லவில்லை, தில்லையம்மாள் தன் பாட்டுக்குத் துணியைத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தாள். தில்லையம்மாளை யாரும் கோயிலில் எழுப்பி நிறுத்தவில்லை, மயிற்பீலி வைக்கவில்லை, ஊர் அதைப் பற்றிப் பேசவும் இல்லை. எட்டு என்று சொல்லிவிட்டுத் தான் விட்ட கண்ணீரையும் பட்ட பெருமையையும் நினைத்தபோது ரத்னமாலாவுக்குத் தலை குனிந்தது.

"உங்களுக்கு எட்டுதானே கணக்கு. ஒம்போது ஆயிடுமே" என்றாள் தில்லையம்மாள், புடவையைக் கொடுத்துக்கொண்டே. 'நீங்க' திரும்பி வந்துவிட்டிருந்தது.

"ஒண்ண எடுத்துடுவேன். நைலக்ஸ் ஒண்ணு இருக்குது, பெரிய பூப் போட்டது. நீ கட்டிக்கிறியா?"

"வாணாங்க. பொட்டியில எடமில்ல."

நைலக்ஸ் புடவை தென்னேரித் தங்கைக்குப் போயிற்று. எட்டு எட்டாகவே இருந்தது. மதிலில் மட்டும் குரல் வரவில்லை. தில்லையம்மாளுக்குக் கோபம் தணிந்திருக்கலாம். ஆனால் சோறு வேண்டாம் என்று சொன்ன மனுஷர் குழியில் உட்கார்ந்திருக்கிறாரே, அவர் காதில் விழும்படி எப்படி 'யக்கா' என்று கூப்பிடுவாள்?

ஆயுத பூஜை வந்தது. அன்று பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறியும் ஓடாது. தறிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, நாடாவையும் இழை பிரிக்கும் அச்சையும் வைத்துப் படைப்பார்கள். ஒவ்வொரு வருஷமும் ரத்னமாலா தேங்காய் பழம் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருவாள். இந்த வருஷம் போவதா வேண்டாமா என்று காலையிலிருந்து உள்ளுக்கும் வெளிக்கும் நடந்தாள். பிறகு பீரோவைத் திறந்து அரக்குப் பட்டை எடுத்தாள். பதற்றத்தில் தலைப்பு ஒரு பக்கமும் கொசுவம் ஒரு பக்கமுமாக மாறி மாறிப் போயிற்று. ஒரு வழியாகக் கட்டிக்கொண்டு புறப்படும்போது வாசலில் சாந்திமதி வந்து நின்றாள், லீவு நாளாயிற்றே என்று தம்பி வீட்டைப் பார்க்க வந்தவள்.

"என்னா ரத்னா இது, பட்டு?"

"எட்டுல ஒண்ணு அண்ணி" என்றாள் ரத்னமாலா. "உள்ள முக்காலி இருக்குது, உக்காருங்க. இதோ வந்துடறேன்."

பரமசிவம் தறியின் பக்கத்தில் குளித்த ஈரத் தலையோடு நின்றிருந்தார். ரத்னமாலா தேங்காய்த் தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. முழங்காலுக்குப் பக்கத்தில் கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ரத்னமாலாவும் குனிந்து பார்த்தாள். அவசரத்தில் புடவை முனை மாறி, நெகிழ்ந்த கோர்வை முன்னால் வந்து பளிச்சென்று தெரிந்தது.

"அந்த எடத்த உள்ள வெச்சில்ல கட்டுவீங்க" என்றார் பரமசிவம்.

ரத்னமாலா ஒரு கணம் தடுமாறினாள். மறைக்கலாமா என்று கை போயிற்று, திரும்பிவிட்டது. "புள்ள ஒதைச்ச எடம்தானேங்க. அத இத்தினி நாளா எதுக்கு மறைச்சேன்னு தெரியல."

பரமசிவம் தட்டின் பக்கம் குனிந்தார். படைத்த சீப்பிலிருந்து இரண்டு பழத்தைப் பிய்த்து அவளிடம் கொடுத்தார். அடுக்களை வாசலில் நின்றிருந்த தில்லையம்மாள், "உக்காருங்க" என்று மட்டும் சொன்னாள். வீட்டில் நாத்தனார் காத்திருக்கிறாள் என்று சொல்லிவிட்டு ரத்னமாலா வந்துவிட்டாள். மனசு நிறையவும் இல்லை, வெறுமையாகவும் இல்லை.

சாந்திமதி முக்காலியில் உட்கார்ந்து, பீரோவைத் திறந்து பார்த்துவிட்டு, பட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லிவிட்டு மத்தியானமே போய்விட்டாள். மூன்று மணிக்கெல்லாம் வானம் கறுத்து மழை பிடித்தது. தெரு முழுக்க ஒரு சத்தம் இல்லை. எந்த வீட்டிலும் தறி ஓடாத நாள், மழைச் சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. சாயங்காலச் சாப்பாட்டுக்கு ரத்னமாலா தட்டைப் போட்டுச் சோற்றைப் பரிமாறி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். உள்ளே ஒரே இருட்டு. கடிகாரத்தைப் பார்த்தாள், அது எப்போதோ நின்றிருந்தது.

"பொழுது இருக்குமா திரிசலா?"

"எனக்கென்னம்மா தெரியும்" என்றாள் மகள்.

இன்றைக்குத் தறியும் இல்லை, கேட்டுத் தெரிந்துகொள்ள. ரத்னமாலா சோற்றை மூடுவதற்காக ஒரு தட்டை எடுத்தாள். மழைக்கு நடுவில் பின்கட்டுப் பக்கம் ஏதோ கேட்டது. எடுத்த தட்டு கையிலேயே நின்றது.

"யக்கா."

முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு தில்லையம்மாள் மதிலில் நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் தாழ்வாரத்தில் பரமசிவம் இருந்தார். அவர் கையில் இரண்டு நிறத்தில் நூல்கண்டுகள். அவற்றை வானத்துப் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தறி இல்ல, உனக்கு இன்னிக்கு எப்பிடித் தெரியும்னு அவருதான் கேட்டாரு. அரக்கு எது பச்ச எதுன்னு இன்னும் தெரியுதாம். பொழுது இருக்குது, போயி சாப்புடுக்கா."

ரத்னமாலா பட்டுப் புடவையைக்கூட மாற்றாமல் தட்டின் முன் உட்கார்ந்து சாப்பிட்டாள்.